பூனைக்கு எலி இருக்கும் இடம் தெரியக் கூடாது

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. என் சண்டை அல்ல, என் தங்கையின் சண்டை. அவளும் அவள் அலுவலகத்தில் இன்னொருவரும் ஒரு எலிக்காக முட்டிக்கொண்டார்கள். நிஜ எலி இல்லை, திரையில் ஓடும் எலி. அது எங்கே இருக்கிறது என்று பூனைக்குச் சொல்லலாமா கூடாதா என்பதுதான் வழக்கு. சம்பளம் வாங்கும் பெரியவர்கள் இருவர் இதற்காக முகம் சிவக்கக் கத்தினார்கள் என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. இங்கே ஒரு கதை இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

நான் கதை எழுதுகிறவள். கணினி நிரல் எழுதத் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் என் பத்திரிகை ஆசிரியர் போனிலேயே பெருமூச்சு விட்டார்.

"ப்ரோக்ராம் பத்தியா? யாரு படிப்பா? அந்தப் பொண்ண ஒரு டீச்சரா மாத்திடுங்களேன்."

மாற்ற மாட்டேன். என் தங்கை டீச்சர் இல்லை.

[பக்கத்தைப் புரட்டிவிட நினைப்பவர்கள் இங்கேயே புரட்டலாம். கையைப் பிடித்து இழுக்கும் உத்தேசம் எனக்கில்லை.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஒரு பையும் ஒரு மடிக்கணினியுமாக அவள் என் வாசலில் வந்து நின்றபோது மழை"

மழையெல்லாம் பெய்யவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். வீட்டை விட்டு வரும் பெண்ணுக்கு மழை பெய்தே தீர வேண்டும் என்று என் கைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. அடித்துவிட்டேன்.

பிறகு:

"கணவனைப் பிரிந்து வந்தவளின் கண்களில்"

அவள் கண்களில் தூக்கம் இருந்தது. வந்த அன்று மத்தியானம் படுத்தவள் மறுநாள் காலையில்தான் எழுந்தாள். எழுந்ததும், "டீ போட்டியா, நான் போடட்டுமா?" என்று கேட்டாள். இதை வைத்துக்கொண்டு எந்த உருக்கமான வாக்கியத்தையும் முடிக்க முடியாது.

மூன்றாவது தொடக்கம் கட்டுரை மாதிரி இருந்தது. பொருள்நோக்கு நிரலாக்கம் என்றால் என்ன, அதன் அடிப்படைகள் யாவை என்று விளக்கப் பார்த்தேன். படித்துவிட்டு, "அக்கா, இது கதையா, பரீட்சைக்கு நோட்ஸா?" என்றாள்.

ஆகவே அவள் எனக்கு எப்படி விளக்கினாளோ அப்படியே சொல்லிவிடுகிறேன்.

3

அவள் என் வீட்டில் ஒரு வாரம்தான் இருந்தாள். அவள் கணவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த வாரம் அது. அவர் திரும்பி வந்தால் முதலில் தேடும் இடம் என் வீடுதான். அதனால் அதற்குள் ஊரின் மறுகோடியில் ஓர் அறை பார்த்துப் போய்விட்டாள். பழைய வேலையை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றில் சேர்ந்தாள். போன் நம்பரையும் மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகளில், யாரும் பின்தொடராதபடி, நான் பஸ் மாறி மாறி அவளைப் பார்க்கப் போவேன். முதல் தடவை எனக்கே அது சினிமாத்தனமாகத்தான் இருந்தது.

அந்த அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கட்டில். நாற்காலி அவளுக்கு, கட்டில் எனக்கு. புது அலுவலகத்தில் காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டிகள் செய்கிறார்கள். கடைத்தொகுதிகளிலும் பஸ் நிலையங்களிலும் ஆள் உயரத்துக்கு நிற்குமே, அவைதான். சந்துகளுக்குள் எலி ஓடித் தானியம் பொறுக்க வேண்டும், மூன்று பூனைகள் துரத்தும், அப்படி ஒரு ஆட்டத்தை எழுதும் பொறுப்பு இவளுக்கு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சந்துகளை வரைந்தாள். எலிக்கு ஒரு பாட்டில் மூடி. பூனைகளுக்கு மூன்று சட்டைப் பட்டன்.

"இதுல ஒவ்வொண்ணையும் ஒரு தனி ஆளா நினைச்சுக்கோ. எலி ஒரு ஆளு. பூனை ஒரு ஆளு. சுவர்கூட ஒரு ஆளுதான்."

"சுவரு என்னடி பண்ணும்?"

"நிக்கும். வழி விடுவியான்னு கேட்டா மாட்டேன்னு சொல்லும். அதுக்கு மேல எதுவும் பேசாது."

"நம்ம பெரியப்பாவுக்கு நேர் எதிர்."

அன்று அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

[எங்கள் பெரியப்பாவைப் பற்றி: அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு அவர்தான் தலை. நல்ல மனிதர். அவர் காதில் விழுந்த எதுவும் அவரோடு நின்றதில்லை.]

"ஒவ்வொரு ஆளுக்கும் உள்ள சொந்த விஷயம் இருக்கும். எலி எங்க நிக்குது, எத்தனை உயிர் பாக்கி, எல்லாம் அதுகிட்டயே இருக்கும். வெளியில இருக்கறவங்க கைய விட்டு எடுக்க முடியாது. அது எதுக்குப் பதில் சொல்லச் சம்மதிச்சிருக்கோ அத மட்டும்தான் கேக்கலாம். இந்த மாதிரி ஆளைத்தான் ஆப்ஜெக்ட்னு சொல்றோம்."

"மூணு பூனையையும் தனித்தனியா எழுதணுமா?"

"வேண்டாம். பூனைன்னு பொதுவா ஒரு வார்ப்பு. நடக்கறது, திரும்பறது, சுவர்ல முட்டாம நிக்கறது எல்லாம் அதுல இருக்கும். அத கிளாஸ்னு சொல்வோம். அதுலேருந்து மூணு பூனை வரும். நடை ஒண்ணு, புத்தி வேற. இது சோம்பேறி, இருந்த இடத்தையே சுத்தும். இது மோப்பக்காரி, எலி போன தடத்தையே பிடிச்சுக்கிட்டு வரும். இது அவசரக்குடுக்கை, கண்ணுல பட்ட உடனே பாயும். அடுத்த அடி எங்கங்கறத மட்டும் அதது முடிவு பண்ணும்."

பிறகு ஒரு செய்தித்தாளைக் கிழித்து அந்தச் சந்துகளை மூடினாள். என் பட்டன் நிற்கும் சந்து மட்டும் வெளியே தெரிந்தது.

"நீ பூனை. நேரா இருக்கற சந்த மட்டும் பாக்கலாம். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது. தேடு."

தேடினேன். நான் நகர நகரத் தாளையும் நகர்த்தினாள். ஓர் இடத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. எலி பக்கத்துச் சந்தில்தான் இருந்திருக்கிறது, நான் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டேன். நடுவயதைத் தாண்டியவள் நான். ஒரு பாட்டில் மூடியைப் பிடிக்க முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

"இப்ப எங்க ஆபீஸ்ல எழுதி வச்சிருக்கற மாதிரி ஆடு" என்று தாளை உருவினாள்.

எல்லாம் தெரிந்தது. வைத்த கை எடுக்காமல் பிடித்துவிட்டேன். இன்னொரு முறை ஆடினோம். மறுபடியும் பிடித்தேன். எனக்கே சப்பென்று போய்விட்டது.

"இதுல எலிக்கு என்னதான் வேலை?" என்றேன்.

"அதத்தான் நானும் கேட்டேன்."

4

அவள் யாரிடம் கேட்டாளோ அவருக்கு அலுவலகத்தில் 'கட்டம்' என்று பெயர். தலைமை வடிவமைப்பாளர். வாயைத் திறக்கும் முன் ஒரு கட்டம் போடுவார். தாள் இல்லையென்றால் மேசைத் தூசியிலேயே போடுவார். இவளுக்கு முன்பே அந்த ஆட்டத்துக்கு அவர் ஒரு வடிவம் போட்டு வைத்திருந்தார். நடுவில் பெரிதாக ஒரு கட்டம். எலி, பூனை, சுவர் எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று அந்தப் பெரிய கட்டத்துக்குத் தெரியும். யார் கேட்டாலும் சொல்லும்.

[நான் அங்கே இல்லை. பேச்சு என் தங்கை சொன்னது. சத்தத்தை நான் சற்றுக் குறைத்திருக்கிறேன்.]

"கேட்டா சொல்றதுல என்னங்க தப்பு? ஒரே ஒரு வரி" என்றார் கட்டம்.

"கேக்கறது யாருன்னு பாக்காமலே சொல்லுது சார்."

"பூனைதானே கேக்குது? நம்ம எழுதின பூனை."

"அதான் சார். எலியப் பிடிக்க வந்ததுகிட்டயே போய் எலி எங்க இருக்குன்னு சொல்றோம்."

"மேடம், ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சாதான் அடுத்த ஆள் காசு போடுவான்."

"ஒளிய இடமே இல்லாத ஆட்டத்த ரெண்டாந்தரம் எவன் சார் ஆடுவான்?"

"இது மிஷின். இதுக்கு மனசு கினசு கிடையாது. ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகறீங்க?"

அவளுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

5

இங்கே எனக்கு ஒரு கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. அவள் கணவர் மேல். முதல் வரைவைப் படித்த ஆசிரியர் குறுக்கு விசாரணையே நடத்திவிட்டார்.

"அடிச்சாரா?"

"இல்ல."

"குடிப்பாரா?"

"மாட்டார்."

"வேற பொண்ணு யாராவது?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்குங்க வெளிய வந்தாங்க? படிக்கறவன் நம்ப மாட்டான். ஒரு அறை குடுக்க வைங்க. ஒரே ஒரு அறை."

எழுதிப் பார்த்தேன்: "அவன் கை ஓங்கிய வேகத்தில்"

அழித்தேன். அந்தக் கை ஓங்கியதே இல்லை. அடித்தால்தான் நம்புவேன் என்று சொல்லும் வாசகருக்காக என் தங்கையை நான் அடி வாங்க வைக்க மாட்டேன்.

அவர் செய்ததெல்லாம் கேட்டதுதான். காவலாளியிடம் கேட்பார், எத்தனை மணிக்கு வெளியே போனாள் என்று. மருந்துக்கடையில் கேட்பார், என்ன வாங்கினாள் என்று. அவளுடைய தோழிகளுக்கு அவரே போன் செய்து நலம் விசாரிப்பார். அவள் போனிலிருந்து அவள் நிற்கும் இடம் அவர் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். எல்லாம் தணிந்த குரலில், அக்கறையோடு. ஊரில் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க மாட்டார் என்பார்கள். எங்கள் அம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். காரணம் எதுவும் இல்லை. கால் வலித்தது, காற்று நன்றாக இருந்தது, உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே அவர் கேட்டாராம்:

"பெஞ்ச்ல உக்காந்துகிட்டு என்ன யோசிச்ச?"

அதற்குப் பிறகுதான் அவள் பையை எடுத்தாள். இது காரணமாகப் போதாது என்று தோன்றுகிறவர்களோடு எனக்கு வாதம் இல்லை. அவர்களுக்கு வேறு கதைகள் இருக்கின்றன.

6

பெரியப்பா சொல்லிவிட்டார். அவள் வேலையில் சேர்ந்த செய்தி அம்மா வழியாக அவருக்குப் போயிருக்கிறது.

"போன்ல அழுதான்மா மாப்பிள்ளப் பையன். எனக்கு மனசு கேக்கல" என்றார் பிற்பாடு. "அவ எங்க வேலை பாக்கறான்னு மட்டும்தான் சொன்னேன். வீட்டு அட்ரஸ் சொல்லலியே!" உண்மையில் அந்த அறையின் முகவரி அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதுவும் அந்த 'மட்டும்தான்' கணக்கில் சேர்ந்திருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் சாப்பிடப் போயிருந்தாள். கட்டம் தனக்கு வந்த பார்சலை வாங்கக் கீழே நின்றிருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் வந்து, கையில் ஒரு மாத்திரை அட்டையைக் காட்டிக் கேட்டார்.

"என் வொய்ஃப் இங்க வேலை பாக்கறாங்க. மருந்த மறந்துட்டு வந்துட்டாங்க."

பெயரைச் சொன்னதும் கட்டம், "அட, எங்க டீம்தாங்க! வாங்க வாங்க" என்று தானே மூன்றாம் மாடிக்கு அழைத்துப் போனார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அதோ, ஜன்னலோரம்" என்று கையும் காட்டினார்.

என் தங்கை திரையில் சோம்பேறிப் பூனையைத் திருப்பத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"நம்பர் ஏன் மாத்தின?" என்றார் அவர், மிக மெதுவாக.

[இங்கே "அவள் உடைந்துபோனாள்" என்று எழுதியிருந்தேன். அவளே அடித்துவிட்டு ஓரத்தில், "எழுந்து நின்னேன். அதோட நிறுத்து" என்று எழுதினாள்.]

அவள் எழுந்து நின்றாள். அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இவரு என்னோட ஹஸ்பெண்ட். நான் இங்க இருக்கறத இவருக்கு நான் சொல்லல. இவரோட நான் போக மாட்டேன். எனக்கு எந்த மருந்தும் கிடையாது."

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

அவர் சிரித்தார். மாத்திரை அட்டையை மேசையில் வைத்தார். சாதாரணத் தலைவலி மாத்திரை. "சாயங்காலம் கீழ நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கதவருகே கட்டம் பார்சலை அணைத்தபடி அப்படியே நின்றிருந்தார்.

"எனக்குத் தெரியாது மேடம். ஹஸ்பெண்டுன்னு சொன்னாரு… சாரி."

"சாரி வேண்டாம் சார். அந்த வரிய எடுங்க."

"எந்த வரி?"

"கேட்டா சொல்ற வரி."

நான் இந்த இடத்தில் அவரைக் கண்கலங்க வைத்திருந்தேன். தங்கை சம்மதிக்கவில்லை. "அக்கா, அவரு கலங்கல. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னுதான் கேட்டாரு."

"சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்லல" என்று அவருக்குப் பதில் சொன்னாளாம். "நான் எழுதற எதுலயும் அந்த வரி இருக்காது. உங்களுக்கு வேணும்னா நீங்க எழுதிக்கோங்க. முதலாளியம்மா ரெண்டையும் ஆடிப் பாக்கட்டும்."

சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் அப்படித்தான் பேசினாள்.

7

முதலாளியம்மா தடித்த கண்ணாடி போட்டவர். எந்தப் பெட்டியையும் தானே ஆடித் தோற்காமல் வெளியே அனுப்ப மாட்டார். சில நாட்கள் கழித்துச் சோதனை அறையில் இரண்டு பெட்டிகளையும் அடுத்தடுத்து வைத்தார்கள். முதலில் கட்டத்தின் பெட்டி. மூன்று பூனைகளும் நூல் பிடித்த மாதிரி வந்தன. எலி மூலையில் ஒடுங்கிச் செத்தது. "ம்" என்றார். திரும்பவும் பொத்தானை அழுத்தவில்லை.

அடுத்து என் தங்கையின் பெட்டி. முதலாளியம்மா தெரியாத்தனமாக ஒரு முட்டுச்சந்துக்குள் எலியை விட்டுவிட்டார். சோம்பேறிப் பூனை சந்து முனை வரை வந்தது. இன்னும் ஓர் அடி வைத்துத் திரும்பினால் எலி தெரிந்துவிடும். அது நின்றது. பிறகு வந்த வழியே போனது.

"போயிடுச்சு!" என்று கத்திவிட்டார் அந்த அம்மா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஆடினார். கடைசியில் அவசரக்குடுக்கையின் வாயில் நேராகப் போய் விழுந்தார்.

"நான்தான் தப்பாத் திரும்பிட்டேன். பூனை மேல குத்தமில்ல. இன்னொரு தடவை ஆடறேன், இருங்க."

அந்தப் பெட்டியே முடிவானது. கட்டம் இவள் மேசைக்கு வந்து, "நடுவுல இருக்கற பெரிய கட்டத்த உடைச்சிடலாம். எப்படிப் பிரிக்கலாம்னு சொல்லுங்க" என்று பென்சிலை எடுத்தார். அன்று மாலைக்குள் கீழே வரவேற்பில் அவரே ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தார். யார் வந்து யாரைக் கேட்டாலும், அந்த ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதையே சொல்லக் கூடாது. சேதி இருந்தால் வாங்கி வைத்துச் சேர்த்துவிட வேண்டும்.

"சூப்பர்! இங்கயே முடிச்சிடுங்க" என்றார் ஆசிரியர். "பொண்ணு ஜெயிச்சாச்சு."

அவள் கணவர் வந்துபோன அன்றைக்குச் சாயங்காலம் என்று ஒன்று வராமல் இருந்திருந்தால் முடித்திருப்பேன்.

8

சொன்னபடி அவர் கீழே நின்றார். தினமும் நின்றார். எதிர்ப்பக்கம் நிழலில், சட்டை கசங்காமல். கிட்டே வர மாட்டார், கூப்பிட மாட்டார். பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். போலீஸ் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன்.

"புருஷன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போக வர்றதெல்லாம் ஒரு கேஸாம்மா?" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

"கேஸா இல்லையான்னு அப்புறம் பாருங்க. நான் குடுக்கற புகார மொதல்ல வாங்கிக்கோங்க. வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை போட்டுக் குடுங்க" என்றாள் தங்கை. அவர் முத்திரை போடும்வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகும் போனாள். ஒவ்வொரு முறையும் முத்திரை வாங்கினாள்.

கட்டம் அவளைப் பின்பக்கம், பெட்டி ஏற்றும் வாசல் வழியாக அனுப்பிப் பார்த்தார். அதுவும் சில நாட்கள்தான். ஒரு காலையில் அவள் அறைக் கதவைத் திறந்தால் வாசலில் புதுச்செருப்பு ஒரு ஜோடி. அவள் அளவு. பக்கத்தில் யாரும் இல்லை.

அவள் அதைத் தொடவில்லை. தாண்டி வெளியே வந்து கதவைப் பூட்டினாள், முதலாளியம்மாவுக்குப் போன் செய்தாள். "நீ எழுதறது எனக்கு வந்து சேர்ந்தா போதும். எங்கேருந்து வருதுன்னு எனக்குச் சொல்லாத" என்றாராம் அந்த அம்மா. அன்றைக்கே அவள் இந்த ஊரை விட்டுப் போனாள்.

நான் கோபத்தில் கத்தினேன். எதற்கு நீ ஓட வேண்டும், அவன் ஓடட்டுமே என்று.

"நான் ஓடலக்கா. நகர்றேன். என் அடுத்த அடிய நான் முடிவு பண்றேன். அவரு அங்கயே நிக்கட்டும்."

அவர் அதற்குப் பிறகும் சில நாட்கள் அலுவலகத்துக்கு எதிரே நின்றார். உள்ளே போய்க் கேட்டதற்கு, "சேதி இருந்தா குடுங்க, சேத்துடறோம்" என்றார்களாம். கொடுக்க அவரிடம் சேதி எதுவும் இருக்கவில்லை.

பெரியப்பா என் வீட்டுக்கு வந்தார். காபி டம்ளரோடு அடுக்களை வரை வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"எனக்காவது சொல்லும்மா. நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

"பெரியப்பா, உங்களுக்குத் தெரியாம இருக்கறதுதான் அவளுக்கு நல்லது."

"பெரியவன்ங்கற மரியாதைகூட இல்லாமப் போச்சா இந்த வீட்டுல?"

"மரியாதை இருக்கு. அட்ரஸ்தான் இல்ல."

டம்ளரை வைத்துவிட்டுப் போனவர் இன்னும் வரவில்லை. வருவார். வந்தாலும் பதில் இதுதான்.

9

முடிவு கேட்கிறார்கள். மூன்று எழுதினேன்.

ஒன்றில் அவள் புது ஊரில் காலை நடை போகிறாள். தங்கைக்கு அனுப்பினேன். "கடல் வருது. எடு" என்று பதில் வந்தது. இரண்டாவதில் அவள் எழுதிய பெட்டியை ஏதோ ஒரு பஸ் நிலையத்தில் அவளே காசு போட்டு ஆடுகிறாள், ஜெயிக்கிறாள். "பஸ் கலர் எழுதியிருக்க. எடு." மூன்றாவதில் அவர் மனம் திருந்திக் கண்ணீரோடு

இதை நானே எடுத்துவிட்டேன்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சாப்பிடுகிறாள், வேலை செய்கிறாள், இன்னொரு ஆட்டம் எழுதத் தொடங்கியிருக்கிறாள். இவ்வளவுதான் சொல்வதற்கு அவள் சம்மதித்திருக்கிறாள். இதற்கு மேல் ஒரு வரி எழுதினால் கதை அழகாக முடியும் என்று ஆசிரியர் சொல்கிறார். முடியாமலே போகட்டும்.

மீதி உங்கள் கையில் இருக்கிறது. இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. உங்கள் தெருவில் அண்மையில் ஒரு பெண் குடிவந்திருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் ஜன்னலோரம் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கலாம். அது என் தங்கையாகவும் இருக்கலாம், யாருடைய தங்கையாகவும் இருக்கலாம். ஒரு நாள் நீங்கள் வாசலில் நிற்கும்போது ஒருவர் வந்து, சிரித்த முகமாக, அவள் எங்கே என்று உங்களைக் கேட்பார். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

அப்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். நீங்கள் வாயைத் திறக்கப் போகிறீர்கள்.